வீட்டு மின்கம்பி வழியே டெலிவிஷன்: பவர்லைன் அடாப்டரின் தத்துவமும் பயன்படுத்தும் முறையும்

துணைமின் நிலையங்களைப் பார்வையிடச் செல்லும் மாணவர்கள், உயரழுத்தக் கம்பி நிலையத்துள் நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற பெரிய கம்பிச் சுருள் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு, அதன் பயன் யாது என வினவுவது உண்டு. ‘வேவ் டிராப்’ எனப் பொறியாளர்கள் வழங்கும் அச்சுருள், 50 சைக்கிள் மின்சாரத்தைத் தடையின்றிச் செல்லவிடும். ஆயின், அதே கம்பியில் ஏறி வரும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட செய்தியலைகளை நிலையத்துள் புகாவண்ணம் தடுத்து, அவற்றுக்கென அமைந்த கருவியின் பக்கம் திருப்பிவிடும். ஒரு நிலையத்தார் மற்றொரு நிலையத்தாருடன் பேசுவதற்கும், பழுது நேர்ந்த கம்பியைத் துண்டிக்குமாறு ஆணை அனுப்புவதற்கும் இம்முறை நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. மின்சாரம் செல்லும் கம்பியே செய்தியையும் சுமக்கும் என்பது இதனால் விளங்கும்.

இத்தத்துவம் இன்று வீட்டின் சுவருக்குள்ளும் புகுந்துள்ளது. இண்டர்நெட் வழியே வரும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளை, தனிக்கம்பி இழுக்காமல், சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகள் மூலமாகவே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டு செல்லும் சிறு கருவிக்குப் பவர்லைன் அடாப்டர் என்று பெயர். இதைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூற வேண்டிய களப் பணியாளர்களுக்கும், இதையே பௌதிகப் பாடத்திற்கு எடுத்துக்காட்டாக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் விவரங்கள் இங்குத் தரப்படுகின்றன.

தேவை எழும் விதம்

கண்ணாடியிழைக் கேபிள் பெரும்பாலும் வீட்டின் முன்னறையோடு நின்றுவிடுகிறது. ரவுட்டர் அங்கேயே பொருத்தப்படுகிறது. டெலிவிஷன் பெட்டியோ உள்கூடத்திலோ மாடியிலோ இருக்கும். இடையில் இரண்டு மூன்று செங்கற் சுவர்களும் ஒரு காங்கிரீட் தளமும் உள்ளன. வை-பை அலைகள் இவற்றைக் கடக்கையில் வலுவிழக்கின்றன. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் விரைவில் தேய்கிறது. படம் நின்று நின்று வருகிறது. வீடு வாடகை வீடாயின் சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசைவதில்லை. பள்ளிப் பாடங்களை டெலிவிஷனில் பார்த்துப் பயிலும் பிள்ளைக்கு இது வெறும் பொழுதுபோக்கின் குறையன்று. அன்றைய பாடமே அறுபட்டுப் போகும் குறையாகும். இத்தகைய நிலையில்தான் அடாப்டரின் உதவி நாடப்படுகிறது.

வரலாறு

கம்பியில் உயர் அதிர்வெண் அலைகளை ஏற்றிச் செய்தி அனுப்பும் முறையை அமெரிக்க இராணுவ அதிகாரியும் விஞ்ஞானியுமான ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். 1920-களில் நியூயார்க்கைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில் மின்சாரக் கம்பிகளின் வழியே வீடுகளுக்கு இசை அனுப்பப்பட்டது. வீட்டிற்குள் கம்ப்யூட்டர்ச் செய்திகளை அனுப்பும் ‘ஹோம்பிளக்’ என்னும் முதல் நியதி 2001-இல் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 14 மெகாபிட். டெலிவிஷனைக் கருத்திற் கொண்டு 2005-இல் வகுக்கப்பட்ட ‘ஹோம்பிளக் ஏவி’ நியதி, இதை 200 மெகாபிட் ஆக்கியது. 2010-இல் ‘ஐ-டிரிபிள்-ஈ 1901’ என்னும் பொது நியதி ஏற்கப்பட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த ‘ஜி.எச்.என்’ என்பது வேறொரு நியதி. ஜி.எச்.என் நியதியைச் சேர்ந்த அடாப்டர் ஹோம்பிளக் ஏவி நியதியைச் சேர்ந்ததோடு பேசாது. ஆகவே இரண்டையும் ஒரே வகையாக வாங்குதல் வேண்டும்.

தத்துவம்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும், வினாடிக்கு 50 சைக்கிள் அதிர்வெண்ணும் உடையது. ஏவி நியதி அடாப்டர் அனுப்பும் செய்தியலைகளோ ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. கீழெல்லையில் உள்ள அலைகூட மின்சாரத்தைவிட 40,000 மடங்கு விரைவாக அதிர்வது. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் இரண்டையும் பிரித்தெடுப்பது எளிது. பிரிக்கும் வேலையைச் செய்வது கண்டென்சர் என்னும் மின்தேக்கி.

மின்தேக்கி தரும் தடை, அதிர்வெண் ஏற ஏறக் குறையும் என்பது மேல்நிலை வகுப்புப் பாடம். 0.01 மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். 50 சைக்கிளில் அதன் தடை ஏறக்குறைய 3,18,000 ஓம். 230 வோல்ட் அழுத்தத்தில் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் 0.7 மில்லி ஆம்பியர் அளவே. 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ அதே மின்தேக்கியின் தடை 1.6 ஓம் மட்டுமே. மின்சாரத்திற்கு மூடிய கதவு, செய்தியலைக்குத் திறந்த கதவாகிறது. இதற்குப் பின் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர், செய்திப் பகுதியை மெயின் மின்சாரத்திலிருந்து தனிப்படுத்துகிறது. ஈத்தர்நெட் கேபிளைத் தொடுவோருக்கு மின்சாரம் தாக்காதிருப்பதற்கு இவ்வமைப்பே காரணம்.

செய்தியை ஒரே அலையில் ஏற்றாமல், ஆயிரத்திற்கும் மேற்பட்ட நுண்ணிய துணையலைகளில் பகிர்ந்து ஏற்றுவது இக்கருவியின் சிறப்பு. வண்டிகள் பல தடங்களில் செல்லும் அகன்ற சாலையை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஒரு தடத்தில் பள்ளம் இருப்பின் அங்கு வண்டி விடாமல், நல்ல தடத்தில் மிகுதியாக விடுவர். அதுபோல இரைச்சல் மிகுந்த துணையலையில் அடாப்டர் குறைவாகவோ, அறவே இல்லாமலோ செய்தியை ஏற்றுகிறது. தெளிவான அலையில் நிறைய ஏற்றுகிறது. சூழ்நிலை மாறுந்தோறும் இப்பங்கீட்டையும் மாற்றிக்கொள்கிறது. ஒரே வீட்டில் காலையில் ஒரு வேகமும் மாலையில் வேறொரு வேகமும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

டெலிவிஷனுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

சாதாரணத் தெளிவுள்ள படத்திற்கு வினாடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட், உயர் தெளிவுப் படத்திற்கு 5 முதல் 8 மெகாபிட், ‘4கே’ எனப்படும் மிகுதெளிவுப் படத்திற்கு 15 முதல் 25 மெகாபிட் வேகம் போதுமானது. அடாப்டர்ப் பெட்டியின் மேல் 200, 500, 600, 1000 எனப் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இவை உச்ச வேகங்களேயன்றி வீட்டில் கிடைக்கும் வேகங்கள் அல்ல. போவதும் வருவதும் ஒரே கம்பியில் மாறி மாறி நடைபெறுகின்றன. பிழை திருத்தத்திற்கும் ஒரு பகுதி செலவாகிறது. கம்பியின் தரமும் ஒரு பகுதியைக் குறைக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணில் பாதிக்கும் மிகக் குறைவாகவே கிடைப்பது இயல்பு. மேலும், 500 அல்லது 600 என்று குறிக்கப்பட்ட பல அடாப்டர்களின் ஈத்தர்நெட் துளை 100 மெகாபிட் வேகமே உடையது. எனவே அவ்வெண்ணைத் தாண்டி எதுவும் வெளிவர இயலாது. வாங்குவோர் பெட்டியின் முகப்பை மட்டும் பாராமல், துளையின் வேகத்தையும் படித்தல் வேண்டும்.

ஆயினும் இதில் ஏமாற்றம் கொள்ள வேண்டியதில்லை. 600 என்ற கருவி ஒரு பழைய வீட்டில் 40 மெகாபிட் தந்தாலும், அது ஒரு மிகுதெளிவுப் படத்தையும் ஓர் உயர் தெளிவுப் படத்தையும் ஒருங்கே தாங்கும். டெலிவிஷனுக்கு வேண்டுவது மிகப் பெரிய வேகம் அன்று, இடையறாத வேகமே.

பொருத்தும் முறை

1. முதலில் ரவுட்டரின் அருகே கம்ப்யூட்டரைக் கேபிளால் இணைத்து இண்டர்நெட்டின் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மூலத்திலேயே குறை இருப்பின் அடாப்டரால் அது தீராது.

2. ஓர் அடாப்டரை ரவுட்டருக்கு அருகில் உள்ள சுவர்ப் பிளக்கிலும், மற்றதை டெலிவிஷனுக்கு அருகில் உள்ள சுவர்ப் பிளக்கிலும் நேரடியாகச் செருகுதல் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகலாகாது. ‘ஸ்பைக் கார்டு’ எனப்படும் போர்டினுள் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் உறுப்புகள் உள்ளன. அவற்றுக்கு இரைச்சலும் செய்தியும் ஒன்றே, இரண்டையும் விழுங்கிவிடும்.

3. ரவுட்டரையும் முதல் அடாப்டரையும் ஈத்தர்நெட் கேபிளால் இணைத்து, அவ்வாறே இரண்டாம் அடாப்டரையும் டெலிவிஷனையோ செட்-டாப் பெட்டியையோ இணைக்க வேண்டும்.

4. இரண்டு அடாப்டர்களிலும் உள்ள ‘பேர்’ பொத்தானை, உடன் தரப்பட்ட குறிப்பில் கண்டவாறு அழுத்த வேண்டும். இதைத் தவிர்த்தலாகாது. அடுக்குமாடி வீடுகளில் செய்தியலைகள் மீட்டரைக் கடந்து பக்கத்து வீட்டுக் கம்பியிலும் பரவக்கூடும். தொழிற்சாலையிலிருந்து வரும் அடாப்டர்கள் பலவற்றில் ஒரே பொதுக் கடவுச்சொல் அமைந்திருப்பதால், பக்கத்து வீட்டுக் கருவியும் சேர்ந்துகொள்ள இடமுண்டு. பொத்தானை அழுத்தியதும் புதிய இரகசியச் சொல் அமைகிறது. ஏவி நியதி, 128 பிட் சங்கேத முறையால் செய்தியைக் காக்கிறது.

5. டெலிவிஷன் உள்ள இடத்தில் மீண்டும் வேகத்தை அளந்து, முதல் அளவோடு ஒப்பிட வேண்டும்.

நம் நாட்டு வீடுகளில் கவனிக்க வேண்டியவை

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் முன்னறை ஒரு பேஸிலும் உள்ளறை மற்றொரு பேஸிலும் இருக்கலாம். கம்பிகள் பக்கம் பக்கமாகச் செல்லும் இடங்களில் செய்தியலை ஓரளவு தாவிச் செல்லுமாயினும் வலு குறையும். இயன்றால் இரண்டு அடாப்டர்களும் ஒரே பேஸில் இருக்குமாறு பிளக்குகளைத் தேர்ந்தெடுப்பது நலம். தூரம் என்பது அறைகளுக்கு இடையேயுள்ள தூரமன்று. மெயின் போர்டு வரை சென்று திரும்பும் கம்பியின் நீளமாகும். சுவருக்கு அப்பாலேயே இருக்கும் பிளக்கும், கம்பிக் கணக்கில் 30 மீட்டர் தொலைவில் இருக்கக்கூடும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு பகுதிக் கம்பிகள் இன்வெர்ட்டர் வழியாகச் செல்கின்றன. ஓர் அடாப்டர் அப்பகுதியிலும் மற்றது வெளியிலும் இருப்பின் செய்தி மிகவும் மெலியும். மின்வெட்டின்போது வெளியில் உள்ள அடாப்டர் அணைந்தும் போகும். ரவுட்டர், டெலிவிஷன், இரு அடாப்டர்கள் ஆகிய யாவும் ஒரே பகுதியில் இருத்தல் வேண்டும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் இரைச்சல் மிகுதி.

இரைச்சல் தரும் பிற சாதனங்களும் உள. மிக்ஸியின் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் நுண்ணிய பொறிகள் பறக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ரேடியோ நிலையம் போன்றது. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் ஆகியவையும் இத்தகையனவே. சார்ஜரை அடாப்டருக்குப் பக்கத்துப் பிளக்கிலிருந்து எடுத்துத் தொலைவில் செருகுவதால் மட்டுமே படம் சீர்படுவது உண்டு.

குறையை அறிதல்

படம் குலையும் விதமே குறையின் இடத்தைக் காட்டும். நிகழ்ச்சியைச் சிறிது முன்னதாகவே சேமித்து வைத்துக் காட்டும் முறையில், செய்தி தாமதித்தால் படம் அப்படியே நின்று சக்கரம் சுழலும். தொலைபேசிக் கம்பெனிகள் தம் சொந்த இணைப்பில் நேரடியாக அனுப்பும் டெலிவிஷன் முறையிலோ, இழந்த செய்தியைத் திரும்பப் பெற நேரம் இராமையால் படம் சதுரம் சதுரமாகச் சிதறும், ஒலி அறுபடும்.

மிக்ஸி ஓடும்போது மட்டும் சிதறினால் குறை இரைச்சலைச் சார்ந்தது. வீட்டில் யாவும் அணைந்திருந்தும் மெதுவாகவே இருப்பின் பேஸ், கம்பியின் நீளம், எக்ஸ்டென்ஷன் போர்டு ஆகியவற்றை ஆராய வேண்டும். இரவு 8 மணிக்கு மட்டும் நின்றுபோய், ரவுட்டர் அருகேயும் அதே நேரத்தில் வேகம் குறைந்திருப்பின் குறை வெளி இணைப்பில் உள்ளது. அடாப்டரை மாற்றிப் பயனில்லை. இவ்வாறு பிரித்து அறியாமல் கருவி மேல் கருவியாக வாங்கிப் பணத்தை வீணாக்கும் குடும்பங்களுக்குக் களப் பணியாளர் செய்யக்கூடிய பேருதவி, இந்த ஒப்பீட்டைச் செய்து காட்டுவதே.

உயிர்க்காப்பு

புதிய அடாப்டர்கள் சிலவற்றில் மூன்று முனைகள் உண்டு. அவை பேஸ், நியூட்ரல் கம்பிகளோடு எர்த் கம்பியையும் இரண்டாம் பாதையாகப் பயன்படுத்தி வேகத்தைக் கூட்டுகின்றன. எர்த் இல்லாத பழைய வீட்டில் இவை குறைந்த வேகத்தில் வேலை செய்யும், அதனால் தீங்கில்லை. ஆனால் எர்த் இல்லாத குறையைப் போக்குவதாகக் கூறி, பிளக்கினுள் நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவோர் உளர். இது உயிருக்கே ஆபத்தானது. வெளியே எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், அப்பிளக்கில் செருகிய பிரிஜ், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். வேகத்திற்காக இதைச் செய்யலாகாது. செய்திருக்கக் கண்டால் உடனே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நீக்கிவிட வேண்டும்.

வெளிநாட்டு முனையுள்ள அடாப்டரைத் தளர்ந்த மாற்றுப் பிளக்கில் செருகினால், தொடர்பு சரியின்றிச் சூடேறிக் கருகும். இந்தியத் தர நியதி 1293-க்கு இணங்கிய முனையுள்ள கருவியை வாங்குவதே நன்று. அடாப்டரை மேலே பிளக் துளையுள்ளதாக வாங்கினால், அதில் குறிக்கப்பட்ட ஆம்பியருக்கு மேல் சுமை ஏற்றலாகாது. சிறிதளவு வெதுவெதுப்பு இயல்பே, திரைச்சீலையால் மூடலாகாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும். கருவியை எக்காரணத்தாலும் திறந்து பார்த்தலாகாது.

அண்டை வீட்டாரின் ரேடியோ

வீட்டு மின்கம்பிகள் மேலுறையில்லாதவை. ஆகவே அவற்றில் செல்லும் உயர் அதிர்வெண் அலையில் சிறு பகுதி ஏரியலிலிருந்து போல வெளியே பரவுகிறது. 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, சிற்றலை ரேடியோவுக்கும் அமெச்சூர் ரேடியோ அன்பர்களுக்கும் உரிய பகுதியாகும். வெள்ளம், புயல் காலங்களில் மற்றத் தொடர்புகள் அறுந்தபோது அவ்வன்பர்களின் நிலையங்கள் ஆற்றும் தொண்டு பெரிது. அதனால் 7, 14, 21 மெகாஹெர்ட்ஸ் முதலிய அமெச்சூர்ப் பகுதிகளில் அலை அனுப்பாதவாறு இடைவெளிகள் விட்டே நல்ல அடாப்டர்கள் செய்யப்படுகின்றன. நியதிப் பெயர் ஏதும் இல்லாத மலிவான கருவியை வாங்காதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பறைச் சோதனை

ஒரு ஜோடி அடாப்டரும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் பள்ளியிலேயே நல்லதொரு சோதனை நடத்தலாம். சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகியபோது, பக்கத்தில் மொபைல் சார்ஜர் உள்ளபோது, அதே அறையில் மிக்ஸி ஓடும்போது, ஸ்பைக் கார்டு வழியே செருகியபோது என நான்கு நிலைகளில் வேகத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே முறை அளந்து முடிவு கட்டுவது விஞ்ஞான முறையாகாது என்பதையும் மாணவர்கள் இதனால் உணர்வர்.

பாட்டரியால் இயங்கும் சிற்றலை ரேடியோ இருப்பின், அதை மின்கம்பி செல்லும் சுவருக்கு அருகில் பிடித்து, டெலிவிஷன் ஓடும்போதும் அடாப்டரைக் கழற்றிய பின்னும் கேட்கச் செய்யலாம். ‘கரகர’ ஒலியின் வேறுபாடு, கண்ணுக்குப் புலனாகாத அலையைக் காதுக்குப் புலனாக்கும். மாணவர்கள் எவரும் மெயின் மின்சாரத்தைத் தொடும் வகையில் எந்த அளவுகருவியையும் பிளக்கில் செருக அனுமதித்தலாகாது.

பயிற்சி வினாக்கள்

(1) 0.01 மைக்ரோபாரட் மின்தேக்கியின் தடையை 2 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கணக்கிடுக. (2) வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் எத்தனை கிகாபைட் செலவாகும்? (3) தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் கடந்து வீட்டு அடாப்டரின் அலை செல்வதில்லை. 50 சைக்கிள் மின்சாரம் செல்கிறது. காரணம் கூறுக. (4) ஸ்பைக் கார்டு மின்சாரத்தைத் தடுக்காமல் செய்தியை மட்டும் தடுப்பது எவ்வாறு?

முடிவுரை

தனி ஈத்தர்நெட் கேபிள் இழுக்க இயலுமாயின் அதற்கு நிகர் வேறில்லை. ஒரு சுவர் மட்டும் இடையில் இருப்பின் வை-பையே போதும். இரண்டும் இயலாத வீட்டிற்கு ஏற்றது பவர்லைன் அடாப்டர். அதன் வெற்றி, பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைவிட, சுவருக்குள் மறைந்துள்ள கம்பியின் நிலையையே பொறுத்தது. எனவே, கடைக்காரர் இசைந்தால் திருப்பித் தரும் நிபந்தனையோடு வாங்கி, வீட்டில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்த பின் நிலையாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அச்சோதனையை நடத்தும் வீட்டார், படம் தெளிவாக வருகிறதா என்பதோடு, தம் வீட்டு எர்த் சரியாக உள்ளதா என்பதையும் அறிந்துகொள்வாராயின் அப்பயன் டெலிவிஷனினும் பெரிதாகும்.